மாமியார் பெயரை மகளுக்கு வைக்கிறவங்களுக்கு

முதல்ல கூப்பிடுற பெயர் ஒண்ணைத் தயாரா வைங்க. எங்க மூத்தவளுக்கு என் மாமியார் பெயர், மீனாட்சி. 'ஏ மீனாட்சி, சோத்தைச் சிந்தாதடி'ன்னு அவங்க காதுபட அதட்ட முடியுமா? அதனால வீட்டில் அவ பாப்புதான். அவங்களுக்கு மட்டும் 'ஆத்தா'.

இளையவளுக்கு எங்கம்மா பெயர். இதை மூத்தவ பிறந்தப்பவே பேசி முடிச்சிடுங்க, சம்பந்தி மனஸ்தாபம் வராது.

பெயர் சூட்டுற அன்னிக்கு காதில் மூணு தடவை முழுப் பெயரைச் சொல்லணும். எங்க பக்கம் அத்தைதான் சொல்வாங்க. பிறப்புச் சான்றிதழிலும் அதே பெயர், செல்லப் பெயர் வேண்டாம். 12 மாசத்துக்குள் பெயரைப் பதிஞ்சா கட்டணமில்லை. அப்புறம் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிப் பதியலாம்.

இனிஷியலைக் கவனிங்க. பாட்டிக்குத் தாத்தா பெயரின் முதலெழுத்து, பேத்திக்கு அவ அப்பாவோடது. ரெண்டும் ஒரே எழுத்தா அமைஞ்சா, பேத்திக்கு அப்பா பெயரை முழுசா எழுதிடுங்க.