எடை குறைந்த லூர்களை வீச ராடும் ரீலும் தேர்ந்தெடுப்பது எப்படி?

மீன் பிடிக்கப் பயன்படும் செயற்கை இரையான லூர், மூன்று கிராம் எடையுள்ள ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், ஒரு தேக்கரண்டி சர்க்கரை அளவுக்குக்கூடக் கனம் தெரியாது. அந்தச் சிறு பொருளை இருபது மீட்டருக்கு அப்பால், நாம் குறிவைத்த இடத்தில் விழச் செய்ய வேண்டும். ஈயக்குண்டு கட்டிய தூண்டிலை வீசும்போது குண்டின் எடையே தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு போய்விடும். ராடும் (தூண்டில் கோல்) ரீலும் (நரம்பு சுற்றும் கருவி) சுமாராக இருந்தாலும் காரியம் நடந்துவிடும். லேசான லூருக்கு அந்த வலு கிடையாது. ராடு சற்று விறைப்பாக இருந்தாலும், நரம்பு சற்றுத் தடிமனாக இருந்தாலும், அது காலடியிலேயே விழும்.

நான் முதலில் வாங்கிய ராடு 10 முதல் 30 கிராம் வரை வீசுவதற்கானது. அதில் கரண்டி வடிவ உலோக லூரான 4 கிராம் ஸ்பூன் ஒன்றைக் கட்டி வீசினேன். பத்து மீட்டரைத் தாண்டவில்லை. குறை ரீலில்தான் இருக்கிறது என்று நினைத்து ரீலை மாற்றினேன், பிறகு நரம்பை மாற்றினேன். நண்பர் ஒருவரின் மெல்லிய ராடை வாங்கி அதே ஸ்பூனை வீசிய நாளில்தான் காரணம் விளங்கியது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ரீலை முதலில் வாங்கி, அதற்கு ஒரு ராடைப் பார்த்து, கிடைத்த நரம்பைச் சுற்றிவிட்டு, கடைசியில் லூரைத் தேடுகிறார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும்: லூர், நரம்பு, ராடு, ரீல்.

முதல் படி: லூரின் எடையை முடிவு செய்தல்

எந்த எடையுள்ள லூர்களை அதிகம் வீசப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிறிய ஸ்பூன், தகடு சுழலும் ஸ்பின்னர், மீன் வடிவச் சிறு பிளக், ஜிக் தலையில் (கனமான தலை கொண்ட தூண்டில் முள்) கோத்த மென்பிளாஸ்டிக் ஆகியவை பெரும்பாலும் 2 முதல் 7 கிராமுக்குள் அடங்கும். முதல் ராடுக்கு இந்த அளவே போதும். ஒரு கிராமுக்கும் குறைவான லூர்களை வீசுவது தனிப் பயிற்சி. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடை சில பெட்டிகளில் கிராமிலும் சிலவற்றில் அவுன்ஸிலும் இருக்கும். ஒரு அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம். ஆகவே 1/4 அவுன்ஸ் என்றால் 7 கிராம், 1/8 என்றால் 3.5 கிராம், 1/16 என்றால் 1.8 கிராம். ஜிக் தலையின் மேல் எழுதியிருப்பது தலையின் எடை மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. அதில் கோக்கும் பிளாஸ்டிக் புழுவின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எடை ஒன்றாக இருந்தாலும் எல்லா லூரும் ஒரே தொலைவு போகாது. 5 கிராம் உலோக ஸ்பூன் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்; முகத்தில் அகலமான தகடு உள்ள 5 கிராம் பிளக்கோ காற்றிலே புரண்டு பாதியில் விழும். ராடை மதிப்பிடும்போது கச்சிதமான உலோக லூரைப் பயன்படுத்தினால், குறை ராடில் இருக்கிறதா லூரின் வடிவத்தில் இருக்கிறதா என்ற குழப்பம் வராது.

இரண்டாம் படி: நரம்பு

வீசும் தொலைவைப் பொறுத்தவரை, புதியவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும் மிக அதிகமாகப் பலன் தருவதும் நரம்பின் தடிமன்தான். லூர் பறக்கும்போது தன் பின்னால் நரம்பையும் இழுத்துச் செல்கிறது. நரம்பு தடித்திருந்தால், ரீலில் அது சுற்றியிருக்கும் ஸ்பூலிலிருந்து கழன்று வரும்போதும், ராடின் வளையங்களில் உரசும்போதும், காற்றை எதிர்க்கும்போதும் லூரின் வேகத்தைத் தின்றுவிடும். கனமான லூருக்கு இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. 3 கிராம் லூருக்கு அதுவே பாதித் தொலைவைப் பறித்துவிடும்.

இதில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, 4 அல்லது 6 பவுண்டு இழுவிசை தாங்கும் நைலான் நரம்பு. முடிச்சுப் போடுவது எளிது, சிக்கல் விழுந்தாலும் பிரிக்கலாம், இழுவிசையில் சற்று நீண்டு கொடுப்பதால் மீன் திடீரென உதறினாலும் அறுந்துவிடாது. இரண்டாவது, பின்னப்பட்ட பிரெய்டு நரம்பு. பி.இ. (பிரெய்டின் தடிமனைக் குறிக்கும் எண்) 0.6 என்ற அளவுள்ள பிரெய்டின் தடிமன் சுமார் 0.13 மில்லிமீட்டர், 4 பவுண்டு நைலான் சுமார் 0.165 மில்லிமீட்டர். அதாவது பிரெய்டு நைலானைவிட மெல்லியது, ஆனால் அதைவிட இரு மடங்குக்கும் மேல் பலம் தாங்குவது. அது நீளாததால் மீன் மெல்லத் தொடுவதுகூட விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் பிரெய்டு பாறையிலோ சிப்பியிலோ உரசினால் நொடியில் அறுந்துவிடும். ஆகையால் அதன் முனையில் 5 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பை லீடராக, அதாவது பிரெய்டுக்கும் லூருக்கும் இடையிலான முனை நரம்பாக, இணைக்க வேண்டும். லீடரை முதலில் அரை மீட்டர் நீளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீசும்போது இணைப்பு முடிச்சு நுனி வளையத்துக்கு வெளியே நின்றால், அது வளையங்களில் தட்டித் தடுக்காது.

என் கருத்தைக் கேட்டால், முதல் சில வாரங்கள் நைலானில் பழகிவிட்டுப் பிரெய்டுக்கு மாறுவது நல்லது. கை பழகாத நிலையில் மெல்லிய பிரெய்டில் விழும் முடிச்சைப் பிரிக்க முடியாமல் வெட்டி எறிய நேரும்; ஆர்வத்தோடு தொடங்கிய பலர் அந்த இடத்தில்தான் மனம் சோர்கிறார்கள்.

மூன்றாம் படி: ராடு

ராடு ஒரு வில்லைப் போல வேலை செய்கிறது. பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசும்போது, லூரின் எடையால் ராடு வளைகிறது; வளைந்தது நிமிரும்போது அந்த விசை லூருக்குப் போகிறது. லூர் ராடை வளைக்கும் அளவுக்குக் கனமாக இல்லையென்றால், நாம் வெறும் குச்சியால் வீசுவது போலத்தான். என் முதல் ராடில் நடந்தது இதுவே.

ராடின் பிடிக்கு மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பலத்தைக் குறிக்கும் யு.எல். என்பது மிக மெல்லியது, எல். என்பது மெல்லியது, எம்.எல். என்பது அதற்கு அடுத்தது. இந்த எழுத்துகளின் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், ஒருவரின் எல். இன்னொருவரின் யு.எல்.லைவிட மென்மையாக இருப்பதும் உண்டு. எனவே எழுத்தை நம்பாமல், பக்கத்தில் கிராமிலோ அவுன்ஸிலோ கொடுத்திருக்கும் லூர் எடை வரம்பை நம்புங்கள். அந்த வரம்பின் நடுப்பகுதியில்தான் ராடு மிக நன்றாக வேலை செய்யும். 1 முதல் 8 கிராம் என்று எழுதியிருந்தால், 3 முதல் 6 கிராம் வரையிலான லூர்கள் அதில் சுகமாகப் பறக்கும். 1 கிராம் லூரை வீச முடியும், ஆனால் ராடு அதை உணராது.

வளைவின் தன்மை அடுத்தது. நுனி மட்டும் வளைந்து, அடிப்பகுதி விறைப்பாக நின்றால் அது வேகமான ராடு. பாதி வரை வளைந்தால் மிதமானது. வேகமான ராடு ஜிக்கைத் தட்டித் தட்டி ஆட்டுவதற்கு ஏற்றது. ஆனால் விரலை விடும் தருணம் சற்றுத் தவறினாலும் லூர் திசை மாறிப் போகும். மிதமான ராடு அந்தத் தவறைப் பொறுத்துக்கொள்ளும், லேசான லூரையும் நன்கு ஏந்தி எறியும், மீன் துள்ளும்போது சிறு முட்கள் வாயிலிருந்து கழலாமல் இழுவிசையைத் தளரவிடாமலும் வைத்திருக்கும். தொடங்குபவர்களுக்கு நான் மிதமானதற்கும் வேகமானதற்கும் இடைப்பட்ட ராடையே பரிந்துரைப்பேன்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். 5 கிராம் லூர் ஒன்றையும் ஒரு முழ நரம்பையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். நரம்பை நுனி வளையத்தில் கட்டி லூரைத் தொங்கவிட்டு, ராடைக் கிடைமட்டமாகப் பிடித்தால் நுனி இலேசாகத் தலைசாய்க்க வேண்டும். பிறகு மணிக்கட்டை மட்டும் அசைத்து, வீசுவது போல மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மேல் மூன்றில் ஒரு பகுதி லூரின் எடைக்கு ஈடுகொடுத்து வளைந்தால் அது உங்கள் ராடு. எதுவுமே அசையாமல் நின்றால் அது கனமான லூருக்கானது; பிடி வரை துவண்டால் இன்னும் லேசான லூருக்கானது.

நீளம் 6 முதல் 7 அடி வரை இருந்தால் போதும். மரக்கிளைகள் சூழ்ந்த ஓடைக்கரைக்கு 6 அடி, திறந்த நீர்ப்பரப்புக்கு 7 அடி. கார்பன் ராடு இலகுவானது, நுண்ணுணர்வு மிக்கது, ஆனால் கல்லில் மோதினால் விரிசல் விடும். கண்ணாடியிழை ராடு கனமானது, மெதுவானது, முரட்டுத்தனத்தைத் தாங்கும். கார்பனில் மின்சாரம் பாயும் என்பதால் மின்கம்பிகளுக்கு அருகிலும் இடி மின்னல் நேரத்திலும் கார்பன் ராடை உயர்த்திப் பிடிக்கவே கூடாது.

நான்காம் படி: ரீல்

லேசான லூருக்கு ஸ்பின்னிங் ரீலே பொருத்தம். அதன் ஸ்பூல் வீசும்போது சுழலாமல் நிற்கிறது. நரம்பு விளிம்பின் மேலாகச் சுருள் சுருளாகக் கழன்று போகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905இல் இத்தகைய நிலையான ஸ்பூல் ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். லேசான இரையை எறிவதில் அது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. பெயிட்காஸ்டிங் ரீலில் ஸ்பூலே சுழல வேண்டும். அதைச் சுழற்றத் தொடங்க வேண்டிய விசையை லூர்தான் தர வேண்டும். லூர் லேசாக இருந்தால் அது முடியாது. சுழன்ற ஸ்பூல் லூரைவிட வேகமாக ஓடினால் நரம்பு அங்கேயே குவிந்து சிக்கிக்கொள்ளும். மிக இலகுவான ஸ்பூல் கொண்ட தனி வகைப் பெயிட்காஸ்டிங் ரீல்கள் இப்போது இருக்கின்றன என்றாலும், அவை அனுபவம் வந்த பிறகு எடுக்க வேண்டியவை.

ரீலின் அளவு 1000, 2000, 2500 என்ற எண்களால் குறிக்கப்படும். மிகச் சிறிய ஸ்பூலில் நரம்பு இறுக்கமான சுருளாகப் படிந்து, கழன்று வரும்போது அதே சுருளோடு வளையத்தில் உரசும். ஆகவே ராடின் சமநிலை கெடாத வரையில் 2000 அளவை எடுப்பது நல்லது. மெல்லிய நரம்புக்கு ஆழம் குறைந்த ஸ்பூல் வேண்டும். ஆழமான ஸ்பூலாக இருந்தால் அடியில் பழைய நைலானைச் சுற்றி மேடு கட்டிக்கொள்ளலாம். பிரெய்டு வழுக்காமல் இருப்பதற்கும் அந்த நைலான் அடி உதவும்.

பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். அதைவிட முக்கியமானவை இரண்டு: ஒன்று, நரம்பு ஏறிச் செல்லும் சிறு உருளை தடையின்றிச் சுழல்கிறதா என்பது, அது நின்றுபோனால் நரம்பு முறுக்கேறும். மற்றொன்று டிராக், அதாவது மீன் வலுவாக இழுக்கும்போது நரம்பை வழுக்கி வெளியே விடும் தடை. டிராக்கைத் தளர்த்தி, நரம்பைக் கையால் மெல்ல இழுத்துப் பாருங்கள். முதலில் பிடித்துக்கொண்டு பிறகு சட்டென விடுவிக்கும் டிராக், மெல்லிய நரம்பை அந்த முதல் நொடியிலேயே அறுத்துவிடும். இழுத்த உடனே வழுக்கத் தொடங்கி, ஒரே சீராக வழுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பூட்டிச் சரிபார்த்தல்

ரீலை ராடில் பூட்டி, ரீலின் காலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் தாங்கிப் பாருங்கள். நுனி கீழே பாய்ந்தால் நாள் முழுவதும் மணிக்கட்டு வலிக்கும். நரம்பை ஈரத்துணியால் பிடித்துக்கொண்டு இறுக்கமாகச் சுற்றுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். நரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் விளிம்பில் உரசித் தொலைவு குறையும். கூடினால் பல சுருள்கள் ஒன்றாகத் தெறித்து முடிச்சு விழும்.

டிராக்கை, அமைப்பிலேயே பலம் குறைந்த நரம்பின் அறுபடும் அளவில் நான்கில் ஒரு பங்குக்கு வைக்க வேண்டும். லீடர் 5 பவுண்டு என்றால் அது ஏறத்தாழ 2.3 கிலோ, நான்கில் ஒரு பங்கு அரை கிலோவுக்குச் சற்று மேல். அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்றை நிரப்பி, ரீலிலிருந்து நேராக வரும் நரம்பில் கட்டித் தூக்குங்கள். புட்டி தரையைவிட்டு எழுந்து நிற்க வேண்டும். சற்று உலுக்கினால் டிராக் வழுக்க வேண்டும்.

ஆறாம் படி: முதல் வீச்சு

லூரை நுனியிலிருந்து அரை மீட்டர் தொங்கவிடுங்கள். ஆள்காட்டி விரலின் நுனியில் நரம்பை ஏந்தி, ஸ்பூலின் முன் வளைந்து நின்று நரம்பைப் பிடிக்கும் பெயில் கம்பியைத் திறந்து, பின்னும் முன்னும் நிதானமாக அசைத்து வீசுங்கள். வேகத்தைவிட, ராடு வளைவதற்கு நேரம் கொடுப்பதே முக்கியம். லூர் நீரைத் தொடும் முன் விரலை ஸ்பூல் விளிம்பில் வைத்து நரம்பை நிறுத்துங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடாமல், பெயிலைக் கையாலேயே மூடி, தளர்ந்த நரம்பை இழுத்து இறுக்கிய பிறகு சுற்றத் தொடங்குங்கள். இந்தப் பழக்கம் ஒன்றே பெரும்பாலான முடிச்சுகளைத் தடுத்துவிடும்.

லூர் உயரே போய் அருகில் விழுந்தால் விரலைச் சீக்கிரம் விட்டிருக்கிறீர்கள். நேரே தண்ணீரில் குத்தினால் தாமதமாக விட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லாமல் தொலைவு மட்டும் குறைந்தால், இரண்டு கிராம் கூடுதலான லூரைக் கட்டி வீசிப் பாருங்கள். தொலைவு சட்டென்று கூடினால் ராடு முதல் லூருக்கு விறைப்பானது என்று பொருள். கூடவில்லை என்றால், ஸ்பூலில் நரம்பு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதையும் அதன் தடிமனையும் சரிபாருங்கள். அவையும் சரியாக இருந்தால் மட்டுமே ரீலைக் கழற்றிப் பாருங்கள்.