மூன்று நாள் லீவு: திருகோணமலையில் படைக் குடும்பங்கள் பத்திரமாகக் கழிப்பது எப்படி?

பக்கத்து வீட்டுத் தம்பி இராணுவத்தில் சாரதி. முகாம் கொழும்புப் பக்கம். முழுநிலா விடுமுறையான போயா வெள்ளிக்கிழமை வந்தால் மூன்று நாள் லீவு கிடைக்கும். வியாழன் இரவே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, விடியும்போது வீட்டு வாசலில் நிற்பார். ஒரு முறை ஞாயிறு இரவு பத்து மணிக்கு அவர் வண்டியை வெளியே எடுத்தபோது நான் படலையடியில் நின்றேன். பகல் முழுவதும் பிள்ளைகளோடு உப்புத் தண்ணீரில் கிடந்த கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. "விடிய ஆறு மணிக்கு முகாமில் நிற்கவேண்டும் அக்கா" என்றார். அன்று அவரைத் தடுக்க முடியவில்லை. ஆண்டவன் புண்ணியத்தில் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் அம்மப்பா ஆங்கிலேயரின் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1957-இல் அது இலங்கையின் கைக்கு வந்ததைக் கண்டவர். துறைமுகமும் முகாம்களும் சூழ்ந்த இந்த ஊரில் வளர்ந்த எனக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும்: லீவில் வருபவருக்கு நேரம் போதாது. மூன்று மாத ஆசையை மூன்று நாளில் தீர்க்கப் பார்ப்பார். ஆபத்து அந்த அவசரத்தில்தான் இருக்கிறது. முதன்முதலாக இப்படியொரு விடுமுறையைத் திட்டமிடும் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதற்படி: திரும்பும் நேரத்தை முதலில் குறியுங்கள்

எங்கே போவது, என்ன சமைப்பது என்பதெல்லாம் பிறகு. ஒரு தாளை எடுத்து, முகாமில் நிற்கவேண்டிய நேரத்தை அடியில் எழுதுங்கள். அங்கிருந்து மேல்நோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள்.

கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஆறேழு மணி நேரம் என்று வையுங்கள். போய்ச் சேர்ந்தபின் ஆறு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு. கந்தளாயைத் தாண்டி ஹபரணை வரை யானைகள் வீதியைக் கடக்கும் காட்டுப் பகுதி. இருட்டில் யானையின் நிறமும் தார் வீதியின் நிறமும் ஒன்றுதான். வெளிச்சம் அதன் மேல் விழும்போது நிறுத்த இடம் இருக்காது. ஹபரணை திருகோணமலையிலிருந்து சுமார் 85 கிலோமீற்றர். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டால் அந்தக் காட்டை நல்ல வெயிலிலேயே தாண்டிவிடலாம். ஆகவே ஞாயிறு காலையில் கடல் கிடையாது. குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எழுந்து புறப்படுவதற்கு மட்டுமே அந்தக் காலை.

வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். கண் செருகினால் தேநீரை நம்பாதீர்கள். வண்டியை ஓரமாக விட்டு இருபது நிமிடம் தூங்குங்கள். மது அருந்தியவர் வண்டியைத் தொடக்கூடாது. முதல் நாள் இரவு அளவுக்கு மீறிக் குடித்தவரின் இரத்தத்தில் மறுநாள் காலையிலும் மது இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தலைக்கவசம் பின்னால் இருப்பவருக்கும் வேண்டும். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நிலாவெளிக் கடற்கரைக்குப் போவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பஸ் ஓடுகிறது.

இரண்டாம் படி: கடலில் இறங்குமுன் காற்றைப் பாருங்கள்

வாடை வீசும் ஐப்பசி முதல் தை வரை எங்கள் கடல் குளிக்கும் கடல் அல்ல. இதை எல்லோரும் அறிவார்கள், ஏனென்றால் கடலே உறுமிக் காட்டும். வெளியூர்க்காரரை ஏமாற்றுவது கச்சான் காலம். தென்மேற்குப் பருவத்தில் நிலத்தைச் சுட்டுக்கொண்டு வரும் இந்தக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத்தில் அலையே இருக்காது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஆடி மாதம், உப்புவெளியில் அக்காவின் எட்டு வயது மகன் கறுப்பு ரியூப் ஒன்றில் படுத்திருந்தான். முழங்கால் அளவுத் தண்ணீர். கடல் தாம்பாளம் போலக் கிடந்தது. அத்தான் சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்கத் திரும்பிப் பார்ப்பதற்குள் ரியூப் இருபது யார் தூரம் போய்விட்டது. அவர் நல்ல நீச்சல்காரர், பாய்ந்து நீந்தினார். அவர் ஒரு கை போட, காற்று ரியூபை இரண்டு கை தூரம் தள்ளியது. பிள்ளை சிரித்துக்கொண்டே கையசைத்தான். அவனுக்கு அது விளையாட்டு. வள்ளத்தை இறக்கிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எஞ்சினை இயக்கிப் போய் முதலில் பிள்ளையையும், பிறகு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அத்தானையும் ஏற்றிவந்தார். அந்த வள்ளத்தின் சத்தம் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

எனவே செய்யவேண்டியது: கரையில் ஒரு பிடி உலர்ந்த மணலை எடுத்து உதிரவிடுங்கள். மணல் கடல் பக்கம் பறந்தால் ரியூப், காற்று மெத்தை எதையும் தண்ணீரில் இறக்காதீர்கள். பிள்ளைக்கு அளவான உயிர்காப்பு அங்கி அணிவியுங்கள். அப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் நில்லுங்கள். காவலுக்கு நிற்பவர் கைப்பேசியைப் பார்க்கக்கூடாது. அரை மணிக்கு ஒருவராக மாறிக்கொள்ளலாம்.

அலை அடிக்கும் நாளில் இன்னொன்றையும் பாருங்கள். இரு பக்கமும் அலை உடைந்து நுரைக்கும்போது நடுவில் மட்டும் ஒரு துண்டு அமைதியாக, கலங்கிய நிறத்தில் தெரிந்தால், தண்ணீர் கடலுக்குள் இழுபடும் வாய்க்கால் அதுதான். அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் பலர் இறங்குகிறார்கள். அகப்பட்டுவிட்டால் கரையை நோக்கி முட்டி மோதாமல் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். படைப் பயிற்சியில் நீந்திய துணிவு இந்த இடத்தில் எதிரியாகிவிடும். பலசாலிதான் நேரே நீந்திக் களைத்துப்போகிறான்.

புறாமலை என்று நாங்கள் சொல்லும் புறாத்தீவு, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கிறது. 2003-இல் தேசியப் பூங்காவானது. காலையிலேயே போய் வாருங்கள். படகில் ஏறுமுன் அங்கியைக் கட்டுங்கள், அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். பவளப் பாறையில் கால் வைத்தால் பவளமும் சாகும், பாதமும் கிழியும்.

மூன்றாம் படி: ஒருவர் மூழ்கிவிட்டால்

பின்னால் பாயாதீர்கள். கயிறு, வெற்று நீர்க்கொள்கலன், சேலை, எது கிடைத்தாலும் எறியுங்கள். கரைக்குக் கொண்டுவந்ததும் ஒருவர் 1990-ஐ அழைக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணமில்லை. தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊர்ப் பழக்கம். அதைச் செய்யவே வேண்டாம். வீணாவது மூச்சுக்கான நேரம். மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று தொடருங்கள். அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். லீவில் வந்தவருக்குப் படையில் முதலுதவிப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். முதல் நாள் மாலை ஒரு தலையணையை வைத்து வீட்டில் எல்லோருக்கும் காட்டச் சொல்லுங்கள்.

நான்காம் படி: கோட்டையும் முகாம்களும்

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் போகிறது. அங்கே இராணுவம் இருக்கிறது. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், காவல் நிற்பவரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கோயிலருகே கடலோரச் செங்குத்துப் பாறையில் உள்ள இராவணன் வெட்டுப் பக்கம் பிள்ளையின் கையை விடாதீர்கள். சீருடைப் படத்தையும் "வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டோம்" என்ற செய்தியையும் முகநூலில் போடுவது ஊருக்குத் திரும்பிய பிறகு.

ஐந்தாம் படி: வெடி கொளுத்துமுன் கேளுங்கள்

சித்திரை வருடப் பிறப்பு லீவென்றால் இது கட்டாயம். போர்முனையில் நின்றவர் உங்கள் வீட்டில் இருக்கலாம்; எறிகணை விழுந்த காலத்தைப் பதுங்குகுழியில் கழித்த அம்மா அடுத்த வீட்டில் இருக்கலாம். இருவருக்கும் அந்தச் சத்தம் ஒன்றுதான். இத்தனை மணிக்குக் கொளுத்துகிறோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். லீவில் வந்தவர் தூங்காமல், பேசாமல், அளவுமீறிக் குடித்தபடி இருந்தால் விடுமுறை கெட்டுவிடும் என்று மூடிமறைக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து கேளுங்கள். 1926 தேசிய மனநல உதவி எண். அதை அழைப்பதில் எந்த இழுக்கும் இல்லை.

ஆறாம் படி: போய்ச் சேர்ந்த செய்தி

புறப்படும் நேரம், வழி, வண்டி இலக்கம், முகாமில் அழைக்கக்கூடிய ஒருவரின் எண் ஆகிய நான்கையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். ஹபரணையில் ஓர் அழைப்பு, குருநாகலில் ஓர் அழைப்பு, சேர்ந்ததும் ஓர் அழைப்பு. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாண்டினால் முகாமுக்கு எடுங்கள். அங்கேயும் தகவல் இல்லையென்றால் பொலிசின் 119. இப்போதெல்லாம் தம்பி ஞாயிறு இரண்டு மணிக்கே புறப்பட்டுவிடுகிறார். அவர் மனைவி கைப்பேசியை யன்னல் விளிம்பில் மின்னேற்றத்தில் போட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவாள். இரவு ஒன்பது மணிபோல் அது அடிக்கும். மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கும் கேட்கும்.