நெட்வொர்க் வரைபடம் வரைய: முதலில் கோடு, அப்புறம் ஐகான்

சின்ன அலுவலகம்தான். ஃபைபர் மோடம், ரூட்டர், 24 போர்ட் (கேபிள் செருகும் துளை) சுவிட்ச் இரண்டு, வைஃபை அக்சஸ் பாயின்ட், பிரிண்டர், பில்லிங் சர்வர். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று எழுதி வைத்தவர் யாருமில்லை. அதை வரைய உட்கார்ந்தபோது பிடிபட்ட முறை இது.

மென்பொருள்: ட்ரா.ஐ.ஓ. இலவசம். பிரவுசரிலும் திறக்கலாம், ஆனால் டெஸ்க்டாப் பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். நெட் அறுந்த அன்றைக்குத்தானே இந்தப் படத்தைத் தேடுவோம்! லிப்ரே ஆபீஸ் ட்ரா ஏற்கெனவே இருந்தால் சின்னப் படத்துக்கு அதுவே போதும். ஒய்-எட் என்ற இன்னொரு மென்பொருள் பெட்டிகளைத் தானே அடுக்கித் தரும். இலவசம்தான், திறமூலம் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது) இல்லை.

படி 1. முதலில் ஒரு தாளில் கருவியின் பெயர், ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்), சுவிட்ச் போர்ட் எண் மூன்றையும் எழுதுங்கள். ரூட்டரின் டி.ஹெச்.சி.பி. பட்டியலில், அதாவது ரூட்டர் தானாக ஐ.பி. கொடுத்த கருவிகளின் பட்டியலில், பாதி கிடைத்துவிடும். கையால் ஐ.பி. கொடுத்த பிரிண்டரும் சர்வரும் அதில் வராமல் போகலாம்; அவற்றை நேரில் போய்ப் பாருங்கள்.

படி 2. வெற்றுப் பக்கம் திறந்து, இடது கீழ்மூலையில் ‘மோர் ஷேப்ஸ்’ அழுத்தி, நெட்வொர்க்கிங் பகுதியில் வேண்டியதை டிக் செய்யுங்கள். சிஸ்கோ ஐகான்கள் அழகுதான். எனக்கோ பெயரும் ஐ.பி.யும் எழுதிய வெறும் செவ்வகமே பிடிக்கும். கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்தாலும் தெளிவாக இருக்கும்.

படி 3. இங்கேதான் நேரம் போகும். கோட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் விட்டால் ஒட்டியது போலவே தெரியும். பெட்டியை நகர்த்தினால் பெட்டி மட்டும் போகும், கோடு அங்கேயே நிற்கும். அதனால் பெட்டியின் மேல் மவுசை வைத்து, வரும் நீல அம்பை அடுத்த பெட்டிவரை இழுங்கள். அந்தப் பெட்டியின் ஓரம் முழுக்க நீலமாக ஒளிர்ந்ததும் விடுங்கள். பெட்டியை எங்கே நகர்த்தினாலும் கோடு வசதியான பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். ஓரத்திலுள்ள ஒரு புள்ளி மட்டும் பச்சையானால், கோடு அந்தப் புள்ளியிலேயே பூட்டிக்கொள்ளும். அக்சஸ் பாயின்ட், பிசி போன்றவற்றுக்கு நீலம். சுவிட்சில் கோடுகளை வரிசையாக நிறுத்தப் பச்சை. ஒவ்வொரு கோடு போட்டதும் பெட்டியை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

கேபிளுக்கு ஏது திசை? ஒரு கோட்டின் அம்புமுனையை எடுத்துவிட்டு, கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டி அழுத்துங்கள். இனி வரும் கோடுகளெல்லாம் முனையில்லாமலே வரும். கோட்டை இருமுறை கிளிக் செய்து போர்ட் எண்ணை எழுதி, அதைச் சுவிட்ச் பக்கமாக இழுத்து வையுங்கள். போர்ட் எண் இல்லாத படத்தால் பெரிய பயனில்லை.

படி 4. கீழேயுள்ள கூட்டல் குறியை அழுத்தி இரண்டாவது பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். முதல் பக்கத்தில் கேபிள்கள், இரண்டாவதில் 192.168.10.0/24 போன்ற சப்நெட்களும் (ஐ.பி. முகவரித் தொகுதிகள்) வி-லேன்களும் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள்). இரண்டையும் ஒன்றாகத் திணித்தால் நூல்கண்டுதான்.

படி 5. பி.என்.ஜி. படக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது ‘படத்தின் பிரதியையும் சேர்’ என்ற தேர்வை டிக் செய்தால், அதே கோப்பைத் திறந்து பிறகும் திருத்தலாம். வெளியாளுக்கு அனுப்பும் படத்தில் மட்டும் அந்த டிக் வேண்டாம். நீங்கள் மறைத்து வைத்த லேயரும் (படத்தின் மேல் அடுக்கும் தனி அடுக்கு) கூடவே போய்விடும்.

பின்சேர்க்கை: ட்ரா.ஐ.ஓ.விலிருந்து எஸ்.வி.ஜி. படக் கோப்பாக ஏற்றுமதி செய்ததை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தால் எழுத்துகளைக் காணோம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். ட்ரா.ஐ.ஓ.வில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வலப்பக்க டெக்ஸ்ட் தாவலில் ‘ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்’, ‘வேர்ட் ராப்’ இரண்டையும் அணைத்துவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். நீளமான பெயர்கள் மடங்காமல் பெட்டிக்கு வெளியே நீளும். அவற்றை மட்டும் என்டர் தட்டி உடைத்துக்கொள்ளுங்கள்.