திக்கிப் பேசுபவரின் வாசிப்பை எடைபோடும்போது செய்யும் தவறுகள்

ஒரு பிள்ளை உரக்கப் படிக்கும்போது திக்கினால், அதற்குப் பாடம் புரியவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. திக்கல் பேச்சின் ஓட்டத்தில் வரும் தடங்கல். மூளை வளர்ச்சியோடும் மரபணுக்களோடும் தொடர்புள்ளது. அறிவுக் குறைவின் அடையாளம் அல்ல. பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு அது இருக்கிறது. மன அழுத்தம் மட்டுமே திக்கலுக்குக் காரணம் என்பதும் சரியல்ல. ஆனால் இருக்கிற திக்கலை அது கூட்டிவிடலாம்.

அழுத்தம் புரிதலை எப்படித் தொடுகிறது? வாக்கியத்தின் தொடக்கத்தை மனத்தில் பிடித்துக்கொண்டே முடிவுவரை போனால்தான் பொருள் கிடைக்கும். அதற்கு உதவும் தற்காலிக நினைவில் இடம் குறைவு. "அடுத்த வரியில் 'ப'வில் தொடங்கும் சொல் வருகிறதே, மாட்டிக்கொள்வேனோ?" என்ற பயம் அந்த இடத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். பேச்சில் என்றால் சிக்கும் சொல்லை விட்டு வேறொன்றைப் போட்டுச் சமாளிக்கலாம். அச்சில் இருப்பதை மாற்ற முடியாதே! அதனால் கண் வாயை முந்திக்கொண்டு ஓடி, சிக்கக்கூடிய சொற்களைத் தேடுகிறது. வாய் சொற்களைக் கடந்துபோகும், பொருள் மனத்தில் தங்காது.

வகுப்பில் வரிசையாக ஆளுக்கொரு பத்தி படிக்கச் சொல்வது இதைவிட மோசம். தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதில் மற்றவர்கள் படித்தது விழாது. படித்து முடித்த பிறகும் நெஞ்சு படபடக்கும். அந்த நொடியில் கேள்வி கேட்டால் "தெரியாது" என்றுதான் பதில் வரும். விடை தெரிந்திருந்தும், மறுபடி பேசாமல் தப்பிக்கவே பலர் அப்படிச் சொல்கிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசித்தார் என்று எண்ணி மதிப்பெண் போடுவதும் நியாயமில்லை, அது திக்கலைத்தான் அளக்கிறது.

"நிதானமாக, மூச்சு விட்டுப் படி" என்பது நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்டதும் கவனம் இன்னும் கொஞ்சம் வாயின் பக்கம் போய்விடுகிறது. சொல்லை நாமே முடித்துக் கொடுப்பதும் அப்படித்தான்.

அப்புறம், கேட்காமலேயே "நீ படிக்க வேண்டாம்" என்று ஒதுக்கிவிடுவது. இது பிள்ளையைக் காப்பதில்லை, தனிமைப்படுத்துகிறது. எப்படிப் படிக்க விருப்பம் என்று அவரிடமே தனியாகக் கேளுங்கள். இன்னொருவரோடு சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போது பெரும்பாலானவர்களுக்குத் திக்கல் வெகுவாகக் குறைகிறது. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் பலருக்கு அது குறையும். உரக்கப் படித்த பத்தியை மௌனமாக இன்னொரு முறை பார்க்க நேரம் கொடுத்து, பதிலை எழுதவும் விட்டால், புரிந்தது எவ்வளவு என்பது தெரியும்.

அவசரமில்லாமல் மௌனமாகப் படித்தும் பொருள் பிடிபடவில்லை என்றால், எல்லாப் பழியையும் திக்கலின் மேல் போட்டுவிடக் கூடாது. வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.