குடியை நிறுத்தச் சொல்லும் முன்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்குப் புதிதாக வேலைக்கு வரும் செவிலியர்களும் தன்னார்வப் பிள்ளைகளும், நாங்கள் அந்த நாளில் சொன்னதையே இன்றும் சொல்கிறார்கள். அக்கறை இருக்கிறது, விவரம்தான் இல்லை. குடி கல்லீரலைக் கெடுக்கும், குடும்பத்தைக் கெடுக்கும் என்பதெல்லாம் குடிப்பவருக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். குடியைப் பற்றி இங்கே அடிக்கடி கேட்கும் தவறான பேச்சுகளைத் தலைப்புகளாக வைத்திருக்கிறேன்.

வாடைக் குளிருக்கு ஒரு மடக்கு

குடித்ததும் தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரிவதால் கதகதப்பாகத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் உடம்பின் உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். நனைந்த சட்டையோடு வல்லம் என்ற நாட்டுப் படகில் இருப்பவருக்கு இது ஆபத்து.

இன்றோடு விட்டுவிடு

எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுவது இதுதான். ஆண்டுக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவரிடம் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குகிறார்கள். காப்புக் கட்டிவிடுகிறார்கள், மாலை போடச் சொல்கிறார்கள், அறையில் பூட்டி வைக்கிறார்கள். மனம் வைத்தால் போதும் என்ற நினைப்பு.

மது மூளையின் வேகத்தை அடக்குகிறது. தினமும் அடங்கிக் கிடக்கும் மூளை, அதை ஈடுகட்டத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. மது சட்டென்று நின்றால் அந்தக் கிளர்ச்சி மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். பெரும்பாலும் 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற கடும் சித்தக் குழப்பம் வரும். கவனிக்காவிட்டால் உயிரே போய்விடும்.

முளைக்கொட்டு என்ற அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மூன்றாம் நாள் ஒரு வல்லத்துக்காரரைத் தூக்கிவந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து, வெறும் போர்வையில் நண்டு வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். விரல்கள் கண்ணி கண்ணியாக நகர்ந்தன. இல்லாத நண்டின் காலை ஒடியாமல் விடுவித்து, பக்கத்தில் வைத்தார். ஆத்தா தண்டித்துவிட்டாள் என்று தாயார் அழுதார். வல்லத்துக்காரரிடம் சத்தியம் வாங்கிய இளைஞர், “மூன்று நாளாகத் தொடவேயில்லை சிஸ்டர், பிறகு எப்படி?” என்று கேட்டார். தொடாததால்தான் என்பதை அவருக்கு யாருமே சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

கட்டிப்போட்டு வேண்டுதலுக்கு அழைத்துப் போகலாம் என்று உறவினர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீக்கு இரையான மாவட்டம் இது. இங்கேயே இன்னும் அந்தப் பேச்சு எழுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, ‘தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில்’. நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் தயமின் என்கிற வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் செலவாகி, கண் அசைவும் நடையும் தடுமாறும், நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடவும் கூடும். பாட்டில் போடச் சொல்லிக் கேட்பவர்கள், குடிப்பழக்கத்தை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அறிவுரை சொல்லும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்போ உளறலோ வந்ததா? கடைசியாகக் குடித்தது எப்போது? முதல் இரண்டில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் சத்தியம் வாங்காதீர்கள், மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நடுக்கத்தை அடக்கும் மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அந்த மாத்திரையை நீங்களே கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. வலிப்பு வந்துவிட்டால் 108. ஆலோசனைக்கு 14446 என்ற போதை மீட்பு உதவி எண் இருக்கிறது. காப்புக் கட்டுவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட்டால் விரதமும் கெடாது, ஆளும் பிழைப்பார்.

பீர் உடம்புக்குக் குளிர்ச்சி

இல்லை. சிறுநீராகப் பிரித்து உடம்பை வறட்டும்.

மோர், எலுமிச்சை, கடுங்காப்பி

எதுவும் போதையை இறக்காது.

தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்

42.8 சதவீத மது 180 மில்லியில் ஏறத்தாழ 60 கிராம் சாராயச் சத்து இருக்கிறது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் எரிப்பது சுமாராக 7 முதல் 10 கிராம். தூக்கம் அதை வேகப்படுத்தாது. இரவு 11 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டு, விடியற்காலை 4 மணிக்கு ஐஸ் வண்டியை எடுத்துப் பாம்பன் பாலம் ஏறுகிறவர் ரத்தத்தில் சட்டம் அனுமதிக்கும் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்ற அளவைவிடக் கூடுதலாகவே மது இருக்கலாம். விசைப்படகில் ஏறுகிறவருக்கும் இதே கணக்குதான்.