மஞ்சள், சாக்பீஸ், கடுகு: சின்னப் பிள்ளைகளின் செய்முறைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் தொடக்கப்பள்ளிக் கண்காட்சி என்றால் ஓர் எரிமலை இருந்தே தீரும். களிமண் மலை, உள்ளே சமையல் சோடா, மேலே சிவப்புச் சாயம் கலந்த வினிகர். பொங்கி வழியும், பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஆனால் நிஜ எரிமலைக்குள் சோடாவும் இல்லை, வினிகரும் இல்லை. சோடாவும் அமிலமும் சேர்ந்தால் கரியமில வாயு வரும் என்பதுதான் அங்கே நடக்கும் அறிவியல். மலை வெறும் வேஷம். இரண்டாம் வகுப்புக் குழந்தை வீட்டுக்குப் போய், "எரிமலைக்குள்ள வினிகர் இருக்கும்" என்று சொன்னால் அதன்மேல் குற்றமில்லை.

அறிவியலையும் கலையையும் சேர்க்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். ஒன்றின்மேல் இன்னொன்றை ஒட்டவைத்துவிட்டு, சேர்ந்துவிட்டது என்கிறார்கள். என் கணக்கு எளிது: அறிவியலை எடுத்துவிட்டால் அந்தப் படம் வருமா? வரும் என்றால் அது அலங்காரம். ஜிகினா தூவினால் எல்லாம் சரியாகிவிடாது.

தெர்மாகோல் சூரியக் குடும்பமும் இந்த ரகம்தான். கடையில் வாங்கிய உருண்டைகளுக்கு வண்ணமடித்து ஒரே கம்பியில் வரிசையாகக் குத்தினால், கோள்களெல்லாம் அடுத்தடுத்த வீடுகள் போல நெருங்கி இருப்பதாகக் குழந்தை நம்பிவிடும். அதற்குப் பதில், வண்டி போகாத மாலை நேரமாகப் பார்த்துப் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போங்கள். காந்தி சிலை அருகே 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பந்தைச் சூரியனாக வையுங்கள். அந்த அளவில் பூமி 1 மில்லிமீட்டர்தான், ஒரு பொடிக் கடுகு. அதைச் சுமார் 11 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். வியாழன் ஒரு கொண்டைக்கடலை, 56 மீட்டரில். நெப்டியூனுக்கு 320 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், அதற்குள் சுண்டல் கேட்பார்கள். நடந்து வந்தபின் வரையச் சொல்லுங்கள். தாளில் எவ்வளவு இடத்தை வெறுமனே விடுகிறார்கள் என்று பாருங்கள்.

மஞ்சள் நீர் பூசிய தாளில் சோப்பால் வரையும் மஞ்சள் தாள் இன்னும் நல்லது, ஏனென்றால் அங்கே அறிவியல் இல்லாவிட்டால் கோடே தெரியாது. ஆனால் இந்தச் சின்ன வேலையில்தான் எத்தனை சறுக்கல்! வழவழப்பான சார்ட் தாளில் மஞ்சள் ஏறாது; சாதாரண வரைதாள் அல்லது நியூஸ்பிரிண்ட் போதும். மஞ்சள்தூள் தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் தங்கிவிடும். கலக்கிக் கலக்கிப் பூச வேண்டும். தாள் நன்றாகக் காய்வதற்குள் அவசரப்பட்டு வரையவிட்டால் கோடு பரவி, கோழி மேகமாகிவிடும். காய்ந்தபின் துணி சோப்புக் கரைசலில் காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து வரைந்தால், தொட்ட இடமெல்லாம் செம்பழுப்பாகத் திரும்பும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடியும் மஞ்சள். அழிரப்பர் போல.

இங்கே பெரிய தவறு, தொடங்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுவது. "மஞ்சளில் குர்குமின் இருக்கிறது, காரம் (சோப்பு, சுண்ணாம்பு போன்றவை) பட்டால் சிவக்கும்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் அப்புறம் குழந்தைக்கு என்ன மிச்சம்? முதலில் வரையட்டும். நிறம் மாறியதும், "இதை வீட்டில் எங்கே பார்த்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். ஆரத்தித் தட்டு யாருக்காவது கட்டாயம் நினைவுக்கு வரும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்துச் சிவக்க வைப்பதும் இதே வேலைதான். ஆனால் அதைச் செய்துகாட்டுகிறேன் என்று வகுப்பில் சுண்ணாம்பை நீட்டாதீர்கள். கண்ணில் பட்டால் பொசுக்கிவிடும், சின்னப் பிள்ளைகளுக்குச் சோப்பே போதும்.

அந்தப் படங்களை வெயில் விழும் ஜன்னலில் மாட்டுவதும் வழக்கமான தவறு. வெயிலில் மஞ்சள் வெளுத்துவிடும். இந்தக் குணத்தையே இன்னொரு செய்முறையாக்கலாம்: மஞ்சள் பூசிய தாளின்மேல் வேப்பிலைக் கொத்தை வைத்து, மேலே கண்ணாடியால் அழுத்தி, நல்ல வெயிலில் சில மணி நேரம் விடுங்கள். சுற்றிலும் வெளிறி, இலையின் உருவம் மட்டும் மஞ்சளாக நிற்கும்.

மையில் கலந்திருக்கும் நிறங்களைத் தண்ணீரால் தனித்தனியே பிரிக்கும் வண்ணப் பிரிப்பில் தவறுகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் மொத்தத்தையும் கெடுக்கும். பெர்மனென்ட் மார்க்கர் தண்ணீரில் நகராது. தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனா வேண்டும். வடிதாளைத் தேடி அலையவும் வேண்டாம், சாக்பீஸ் போதும். அடியிலிருந்து ஒரு விரல் அகலம் விட்டுக் கருப்பு ஸ்கெட்ச்சால் வளையம் போட்டு, வளையம் மூழ்காத அளவு தண்ணீரில் நிறுத்துங்கள். மூழ்கினால் மை தண்ணீரிலேயே கரைந்து போய்விடும். சரியாக நின்றால், கருப்பிலிருந்து நீலமும் ஊதாவும் தனித்தனியே மேலேறும். பேனா மாறினால் நிறங்களும் மாறும். அந்தச் சாக்பீஸ்களை வரிசையாக நிறுத்தினாலே கண்ணைப் பறிக்கும்.

பொருள் சேகரிக்கும்போது பண்ருட்டிப் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. முந்திரிக்கொட்டை ஓடு அழகாக இருக்கிறதே என்று ஒட்டுவேலைக்குக் கொடுக்காதீர்கள். ஓட்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், உரிக்கிறவர்கள் கைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சிப்பி பொறுக்கினால் காலியானதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சங்குக்குள் துறவி நண்டு குடியிருக்கலாம்.

காலத்தைப் பார்க்காமல் திட்டம் போடுவதும் நம் ஊரில் செல்லாது. பசைக்கோட்டின்மேல் உப்பைத் தூவி வண்ணம் சொட்டும் ஓவியம் கோடையில் பளிச்சென்று காயும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடலோரத்தில் அது சாதாரணம். அந்த மாதங்களுக்கு மழையையே வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் கோதுமை மாவைப் பரப்பி, மழையில் இரண்டு மூன்று நொடி காட்டிவிட்டு உள்ளே எடுங்கள். ஒவ்வொரு துளியும் மாவில் ஓர் உருண்டையாகும். காய்ந்தபின் சலித்தால் சிறிதும் பெரிதுமாகச் சல்லடையில் நிற்கும். தூறலில் ஒரு தட்டு, அடைமழையில் ஒரு தட்டு என்று எடுத்து, அளந்து, பக்கத்தில் பக்கத்தில் வரைய வையுங்கள்.