பிரெய்ரி இருவாட்டி மண்: பெயர் வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நடுப்பகுதியிலிருந்து வடக்கே போகப் போக மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி நிற்கும். மேடான ஓர் இடமாகப் பார்த்து மண்வெட்டியை இறக்கினால், ஏறக்குறைய ஒரு முழம் ஆழத்துக்குக் கறுப்பு மண் பொலபொலவென்று உதிரும். கிளாரியன் லோம் என்று அதற்குப் பெயர். கடைசிப் பனியுகத்தில் பனிப்பாறை அரைத்துக் கொட்டிவிட்டுப் போன படிவின் மேல், ஆளுயரப் புல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்து வளர்ந்து உண்டாக்கிய மண் அது. அந்தப் புல்வெளிக்குத்தான் பிரெய்ரி என்று பெயர்.

மண்ணியல் படிக்கும் பிள்ளைகளிடம் இதைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில், "லோம்னா வளமான மண், கறுப்பா இருக்கும், நம்ம கரிசல் மாதிரிதான்." இந்த ஒரு வரியிலேயே மூன்று தவறுகள் இருக்கின்றன. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடப்புத்தகங்களே பல காலமாக இவற்றை ஒன்றோடொன்று குழப்பி வைத்திருக்கின்றன.

முதலில் லோம். தமிழில் இருவாட்டி மண் என்கிறோம், இருமண்பாடு என்றும் சொல்வதுண்டு. இது துகள்களின் அளவைச் சொல்லும் சொல், அவ்வளவுதான். களி 7 முதல் 27 சதவீதம், வண்டல் 28 முதல் 50 சதவீதம், மணல் 52 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் அது லோம். மக்கு, அதாவது செத்த வேரும் இலையும் சிதைந்து சேர்ந்தது, எவ்வளவு இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. ஆய்வுக்கூடத்தில் துகள் அளவு பார்க்கும்போது, முதல் வேலையாக ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி மக்கை அழித்துவிடுவார்கள். மக்கை நீக்கிய பிறகு வைக்கிற பெயரை வளத்துக்குச் சான்றாகக் காட்டலாமா? வெளிறிய, பசியெடுத்த மண்ணும் லோமாக இருக்கலாம்.

தமிழில் படிப்பவர்களுக்கு இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டல் என்றால் நமக்கு ஆறு கொண்டுவந்து சேர்த்த மண். துகள் கணக்கில் வண்டல் என்பது 0.002 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை உள்ள துகள், அது எங்கிருந்து வந்திருந்தாலும் சரி. கிளாரியனில் வண்டல் துகள் நிறைய இருக்கிறது. ஆனால் அதைக் கொண்டுவந்தது பனிப்பாறை. "வண்டல் அதிகம், ஆகவே ஆற்றுப் படுகை மண்" என்று எழுதினால் மண்ணின் பிறப்பையே மாற்றி எழுதியதாகிவிடும்.

கையால் பதம் பார்ப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. பிரெய்ரி மண் கடுகு, மிளகு அளவில் உருண்டை உருண்டையாக இருக்கும். வேர்களும் மண்புழுக்களும் சேர்ந்து கட்டிய உருண்டைகள் அவை, சீக்கிரம் உடையாது. கொஞ்சம் தண்ணீர் தெளித்து இரண்டு தடவை உருட்டிப் பார்த்தால் நறநறவென்று மணல் போலத் தெரியும். உடனே மணல் கலந்த மண் என்று எழுதிவிடக் கூடாது. சப்பாத்தி மாவு பிசைவது போல இரண்டு நிமிடமாவது விடாமல் பிசைய வேண்டும். உருண்டைகள் கரைந்த பிறகும் மிஞ்சுகிற நறநறப்புதான் உண்மையான மணல். அப்புறம் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி நாடா போல நீட்டிப் பாருங்கள். லோம் என்றால் இரண்டரை சென்டிமீட்டர் வருவதற்குள் அறுந்துவிடும். அதைத் தாண்டி நீண்டால் களி கூடியிருக்கிறது.

அடுத்தது நிறம். கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் கரிசலும் கறுப்பு, கிளாரியனும் கறுப்பு. ஆனால் கரிசலின் கறுப்புக்கு மக்கின் அளவு காரணமல்ல. அதில் கரிமம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழேதான். கரிசலில் இருப்பது ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் பாளம் பாளமாக வெடிக்கும் களி. வகைப்பாட்டில் அது வெர்டிசால். கிளாரியன் மாலிசால். லத்தீனில் மாலிஸ் என்றால் மென்மை. காய்ந்தாலும் பாறையாக இறுகாது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

நிறத்தைக் காய்ந்த கட்டியில் மட்டும் பார்த்து முடிவு செய்வதும் சரியல்ல. மாலிசால் என்று சொல்ல வேண்டுமானால், மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மன்செல் நிற அட்டையில் ஈர மண்ணின் வெளிர்மை எண் 3 அல்லது அதற்குக் கீழே, காய்ந்த மண்ணில் 5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டையும் வெயில் வெளிச்சத்தில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். நிறத்தோடு முடிவதில்லை. அந்தக் கருமை பொதுவாக 25 சென்டிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும், கரிமம் குறைந்தது 0.6 சதவீதம் வேண்டும், மண் பிடித்து வைத்திருக்கும் அயனிகளில் பாதியாவது கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியமாக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைக் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, மேல் மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துவிட்டு வகை சொல்வது. அதே அயோவாவில், அதே பனிப்பாறைப் படிவின் மேல் ஹேடன் என்று ஒரு மண் இருக்கிறது. காட்டின் அடியில் உருவானது. அங்கே இலைச் சருகு மேலே விழுந்து மேலேயே மக்குவதால் கருமை மெல்லிய படலமாக நின்றுவிடும். அதன் கீழே சாம்பல் வெளிறல், அதற்கும் கீழே களி இறங்கிச் சேர்ந்த அடுக்கு. அது ஆல்ஃபிசால். புல்வெளியின் கதை வேறு. பெரிய நீலத்தண்டுப் புல்லின் வேர் இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கும். ஆண்டுதோறும் அதில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே செத்து மக்கும். அதனால்தான் கருமை ஆழம் வரை போகிறது. தாய்ப் படிவமும் மழையும் ஒன்றாக இருந்தும், மேலே நின்றது மரமா புல்லா என்பது மண்ணின் வகையையே மாற்றிவிட்டது. இந்த வேறுபாடு தெரிய ஒரு மீட்டராவது குழி தோண்ட வேண்டும்.

கறுப்பு கூடினால் மண் நல்லது என்ற எண்ணத்தையும் விட வேண்டும். கிளாரியன் மேட்டிலிருந்து இறங்கினால் சரிவின் அடியில் நிக்கலட், தாழ்வில் வெப்ஸ்டர். வெப்ஸ்டர் கிளாரியனைவிடக் கறுப்பு. ஆனால் அந்தக் கருமைக்குக் காரணம் தேங்கிய தண்ணீர். காற்றுப் புகாத இடத்தில் மக்கு சிதையாமல் தங்கிவிடுகிறது. கருமைக்குக் கீழே சாம்பல் நிறமும் துருப் புள்ளிகளும் தெரியும். மண்ணுக்கடியில் வடிகுழாய் பதித்த பிறகுதான் அங்கே நல்ல மகசூல் எடுக்க முடிகிறது. பக்கத்திலேயே கனிஸ்டியோ என்ற சுண்ணாம்பு கலந்த மண்ணும் இருக்கும். அதில் சோயாவின் இளம் இலை நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் மாறும். மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காத நிலை அது. கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பு வயல்தான்.

பெயருக்கு வருவோம். பிரெய்ரி மண் என்பது 1938-ஆம் ஆண்டு அமெரிக்க வகைப்பாட்டில் இருந்த பெயர். 1975-இல் வந்த வகைப்பாட்டில் அது இல்லை. இப்போது கிளாரியனின் முழுப் பெயர் ஃபைன்-லோமி, மிக்ஸ்ட், சூப்பர்ஆக்டிவ், மெசிக் டிபிக் ஹாப்லுடால்ஸ். இதைக் கடைசியிலிருந்து படித்தால் எளிது. ஆல் என்பது மாலிசால். உட் என்றால் பெரும்பாலான ஆண்டுகளில் நீண்ட நாள் வறளாத மண். ஹாப்ல் என்றால் அடியில் களி சேர்ந்த அடுக்கு போன்ற தனி அடையாளம் இல்லாத எளிய வகை. டிபிக் என்றால் அந்த வகைக்கு மாதிரியானது. மெசிக் என்பது 50 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆண்டுச் சராசரி வெப்பம் 8 முதல் 15 டிகிரி செல்சியஸ். சூப்பர்ஆக்டிவ், மிக்ஸ்ட் இரண்டும் களியின் அயனி பிடிக்கும் திறனையும் கனிமக் கலவையையும் சொல்பவை. இங்கே பலரும் சறுக்கும் இடம், கிளாரியன் லோமில் உள்ள லோமும் ஃபைன்-லோமியும் ஒன்று என்று நினைப்பது. முன்னது மேல் மண்ணின் பதம். பின்னது 25 முதல் 100 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இடையில் பார்ப்பது, களி 18 முதல் 35 சதவீதம் வரை. அரசு வரைபடத்தில் ஒன்று, அறிக்கையில் ஒன்று என்று குழம்பி, தவறான எண்ணைப் பயன்படுத்திவிடுவார்கள்.

வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் ஆபத்துதான். அயோவாவின் பழைய உயரப்புல் பிரெய்ரியில் இன்று எஞ்சியிருப்பது 0.1 சதவீதத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் உழவுக்குப் போய்விட்டது. உழுத மண் மேட்டிலிருந்து நழுவிப் பள்ளத்தில் சேர்ந்தபடியே இருக்கிறது. அமெரிக்க மக்காச்சோள வட்டாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலம் தன் கறுப்பு மேல் அடுக்கை முழுவதும் இழந்துவிட்டது என்று 2021-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. விதைப்புக்கு முன் அந்த வயல்களைப் பார்த்தால் மேடுகளின் உச்சியில் வெளிர் மஞ்சள் திட்டுகள் தெரியும். வரைபடம் அங்கேயும் கிளாரியன் என்று சொல்லக்கூடும். அந்தத் திட்டில் ஒரு கட்டியை எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். கிளாரியனில் சுண்ணாம்பு மேல் மண்ணைவிட்டுக் கரைந்து ஆழத்துக்குப் போயிருக்கும், ஆகவே மேலே ஒன்றும் நடக்காது. இங்கே சொட்டு பட்டதும் நுரை பொங்கினால், உங்கள் காலடியில் இருப்பது அடிப் படிவம். ஸ்டார்டன் என்று அதற்கு வேறு பெயர் இருக்கிறது. மாலிசால் கூட இல்லை, இன்செப்டிசால், அதாவது அடுக்குகள் இன்னும் முழுதாக உருவாகாத மண்.